சலூனுக்குள் பாய்ந்த கம்பி

அத்தியாயம் ஆறு

விசாரணை அறையில் எல்லாருக்கும் கோபம். பெரும்பாலானவர்களுக்கு ஏசி ஓடவில்லை என்ற கோபம்.

கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்த தையற்காரிக்கு மட்டும் வேறு கோபம். நான்கு நாட்களுக்கு முன்னால், ஜன்னலுக்கு வெளியே தெரியும் அந்த விருந்து மாளிகையில், கட்டி முடியாத மூன்றாவது மாடித் தளம் பட்டப்பகலில் இடிந்து விழுந்தது. கீழே நின்றிருந்த பிளம்பர் இறந்துபோனார். அவர் இவளுடைய அண்ணன். தளத்துக்குள் ஓடும் கம்பிகளை இழுத்துக் கட்ட வேண்டிய ஜாக்கிக்காரர், இழுக்காமலே இழுத்ததாக எழுதி ஏமாற்றிவிட்டார், அதனால்தான் தளம் விழுந்தது என்று கம்பெனி புகார் கொடுத்தது. ஜாக்கிக்காரர் லாக்கப்பில் இருந்தார். அவர் இவளுடைய புருஷன்.

பிறந்த வீட்டில் அவளைக் கொலைகாரன் பெண்டாட்டி என்றார்கள். புகுந்த வீட்டில், "உங்க அண்ணன் எதுக்கு அங்க போய் நின்னான்?" என்றார்கள். இரண்டு வீட்டிலும் இருப்புக் கொள்ளாமல் நேற்றுத் துப்பறியும் அலுவலகத்தின் மாடிப்படி ஏறி வந்தவள், உட்காரக்கூட இல்லை. "எங்க அண்ணனுக்காக அழறதா, என் புருஷனைத் திட்டறதா? அத மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

துப்பறிபவருக்கு ஊர் வைத்த பெயர் ரசமட்டம். தளம் மட்டமாக இருக்கிறதா என்று கொத்தனார் வைத்துப் பார்க்கும், நடுவில் குமிழி ஓடும் கருவியின் பெயர் அது. இருபத்தைந்து வருஷம் இன்சூரன்ஸ்காரர்களுக்காக இடிந்த கட்டடங்களைப் பார்த்தவர். யாராவது கோணலாகப் பேசினால் அவர் தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்துவிடும். உதவியாளன் பெயர் டமாரம். நாற்பதை நெருங்கும் ஆள். பெயருக்கு விளக்கம் வேண்டாம். அவன் வாயைத் திறந்தால் போதும்.

இப்போது ரசமட்டத்தின் தலை தோளைத் தொடும் அளவுக்குச் சாய்ந்திருந்தது. காரணம், கம்பெனியின் முதுநிலைத் துணைப் பொது மேலாளர் அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தார். அந்தப் பதவியை ஒரே மூச்சில் சொல்ல முடியாததால் எல்லாரும் அவரை மேலாளர் என்றே அழைத்தார்கள். அதில் அவருக்குத் தீராத வருத்தம்.

"எனவே, தனிமனிதத் தவறின் விளைவாக நேர்ந்துவிட்ட இந்தத் துயரகரமான கட்டமைப்பு நிகழ்வானது..."

"விழுந்துச்சுன்னு சொல்ல மாட்டாராண்ணே?" என்றான் டமாரம், கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு. "எங்க பெரியப்பா செத்தப்ப இவரக் கூப்பிட்டிருக்கணும். 'மூச்சுச் செயல்பாட்டில் ஓர் இடைநிறுத்தம்'னு முடிச்சிருப்பார்."

மேலாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நான்கு மணிக்குக் கமிட்டி கையெழுத்திடும். அதற்குள் சொல்ல ஏதாவது இருந்தால் சொல்லலாம். நகைச்சுவை தேவையில்லை."

கமிட்டி என்பது மூன்று பேர். இரண்டு பேர் கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்த பெரியவர் ஓய்வுபெற்ற பொறியாளர், கண்ணை மூடியிருந்தார். யோசிக்கிறாரா, தூங்குகிறாரா என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. ஓரத்தில் இன்ஸ்பெக்டர், நாலு மணி எப்போது ஆகும் என்று கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். கையெழுத்து விழுந்த மறு நிமிஷம் ஜாக்கிக்காரர் மேல் கொலை வழக்கு. காகிதமெல்லாம் அவர் மடியில் தயாராக இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு" என்றார் ரசமட்டம். "பிளம்பருக்கு அங்க என்ன வேலை? அந்த மாடிக்கு இன்னும் தண்ணி லைனே வரலையே."

"நிழலுக்கு ஒதுங்கியிருப்பார். அறிக்கையில் இருக்கிறது."

"அன்னிக்கு மழை பெஞ்சுது."

"அப்படியானால் மழைக்கு ஒதுங்கியிருப்பார்" என்றார் மேலாளர், கண் இமைக்காமல்.

தையற்காரி எழுந்துவிட்டாள். "எங்க அண்ணன் ஒதுங்கற ஆள் கிடையாது. அங்க நின்னான்னா வேலைக்குத்தான் நின்னிருப்பான். செத்தவனச் சோம்பேறி ஆக்காதீங்க."

"உணர்ச்சிவசப்படுவது இயல்பு" என்று மேலாளர் மற்றவர்களிடம் விளக்கினார், ஏதோ இயந்திரத்தின் கோளாறைச் சொல்வதுபோல.

வராந்தாவுக்கு வந்ததும் ரசமட்டம் கேட்டார். "உங்க வீட்டுக்காரர் என்னம்மா சொல்றார்?"

"'இழுத்தேன். ஒழுங்காத்தான் இழுத்தேன்.' அவ்வளவுதான் சார். எழுதி வெச்ச நோட்டு எங்கன்னா, ஆபீஸ்ல குடுத்தேங்கறார். ஆபீஸ்ல இல்லையாம். அப்போ ஏன் விழுந்துச்சு, சொல்லுங்கன்னா சுவத்தப் பாக்கறார். கிழிசலை மூடற மாதிரி வாய இறுக்கித் தைச்சு வெச்சிருக்கார். எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு..."

அவள் முடிக்கவில்லை. உள்ளே போய் அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். கையெழுத்துப் போடுவதைக் கண்ணால் பார்க்காமல் நகர மாட்டாளாம்.

இடிபாட்டையாவது பார்க்கலாம் என்று போனால், தளம் விழுந்த இடம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. மூன்றே நாளில் அத்தனை கான்கிரீட்டையும் கம்பியையும் லாரியில் அள்ளி அனுப்பிவிட்டார்களாம்.

"சுத்தம் சுகாதாரம்ணே" என்றான் டமாரம். "மணி ஒண்ணரை. ஆதாரம்னு பாத்தா இந்தத் தூசி ஒண்ணுதான் மிச்சம். ஒரு டீ குடிச்சுட்டுத் தோத்துப்போகலாம்."

எதிர்ச்சாரியில் டீக்கடை. அதன் தார்ப்பாய்க் கூரையில் ஒரு பானை நுழையும் அளவுக்குக் கிழிசல். டீக்காரர் அதற்கு நேர்கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு, வாளியைச் சுற்றிக்கொண்டு வியாபாரம் செய்துகொண்டிருந்தார்.

"இது அந்தக் கட்டடத்துலேருந்து பலகை விழுந்து கிழிஞ்சது சார். ஒன்றரை வருஷம் ஆச்சு. மூணு மனு குடுத்தேன். 'பரிசீலனையில் உள்ளது'ன்னு மூணு பதில் வந்துச்சு. பக்கத்துல சலவைக் கடை. வெள்ளைச் சட்டை குடுத்தா சிமெண்ட் கலர்ல வருது. அவரும் மனு குடுத்திருக்கார். சாக்கடை மூடிய லாரி ஏத்தி உடைச்சாங்க, அதுக்கும் மனு. இந்தத் தெருவுல குழந்தைங்க அ எழுதறதுக்கு முன்னாடி மனு எழுதக் கத்துக்குது."

ரசமட்டம் டீயைக் குடிக்காமல், தெரு நடுவில் போய் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். டீக்கடைக்கு மேலே, முதல் மாடியில், ஒரு சலூன். கட்டடத்தை நேருக்கு நேர் பார்க்கும் அகலமான ஜன்னல். தெருவே சாம்பல் பூத்துக் கிடக்க, அந்த ஜன்னலின் கண்ணாடி மட்டும் பளபளவென்று இருந்தது. உள்ளே சுவர் முழுக்க ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி. அதன் மேல் மூலையில் கண்ணாடிக் கடைக்காரன் ஒட்டிய சீட்டுக்கூட உரிக்கப்படவில்லை.

"அது எப்போ போட்டது?"

"அதக் கேளுங்க!" டீக்காரருக்கு வயிறு எரிந்தது. "கம்பெனி போட்டுக் குடுத்தது. சாயங்காலம் நாலு மணிக்கு உடைஞ்சுது, ஏழு மணிக்குப் புதுசு. மேலாளரே கூட நின்னு, இப்படித் திருப்பு, அப்படித் திருப்புன்னு மாட்டிக் குடுத்துட்டுப் போனார். நாங்க மட்டும் என்ன மாற்றாந்தாய் புள்ளைங்களா?"

"எந்த நாள்?"

"தளம் விழறதுக்கு முத நாள்."

ரசமட்டத்தின் தலை மெல்ல நிமிர்ந்து நேராக நின்றது. டமாரம் கிளாசைக் கீழே வைத்தான். அந்தத் தலை நேராவது அபூர்வம்.

"ஒன்றரை வருஷமா ஒரு தார்ப்பாய் வாங்கித் தராத கம்பெனி, மூணு மணி நேரத்துல ஒரு சுவர்க் கண்ணாடி வாங்கித் தருது. நல்ல மனசுன்னு நெனைக்கறியா?"

"பயம்ணே."

"எந்திரி. உனக்கு ஷேவிங் தேவைப்படுது."

*

சலூன்காரர் ஐம்பது வயது மனிதர். டமாரத்தின் கன்னத்தில் நுரை போட்டுக்கொண்டே, கண்ணாடி பற்றிக் கேட்டதும் அவசரமாகச் சொன்னார். "பசங்க பந்து சார். பட்டு உடைஞ்சிடுச்சு."

"பந்து ஜன்னலையும் உடைச்சு, சுவர்க் கண்ணாடியையும் உடைச்சுதா?" என்றான் டமாரம் நுரைக்குள்ளிருந்து. "பந்தா, பீரங்கிக் குண்டா?"

"பேசாதீங்க, கத்தி படும்."

ரசமட்டம் நாற்காலியில் உட்காராமல், சுவரோரமாக நடந்துகொண்டிருந்தார். துண்டு காயப்போட ஒரு கம்பி கட்டியிருந்தது. ஆள் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளம். அதில் பதினோரு துண்டுகள். ஒவ்வொன்றாக எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தார். சலூன்காரரின் கை நின்றுவிட்டது.

துண்டுகளுக்குப் பின்னால் இருந்தது சாதாரணக் கம்பி அல்ல. ஏழு எஃகு இழைகளைக் கயிறுபோல் முறுக்கிய கேபிள்.

"பந்து நீளமா இருக்கே" என்றார் ரசமட்டம்.

சலூன்காரர் கதவைப் பார்த்தார். "சார், தளம் விழுந்த பிறகு கம்பெனிக்காரங்க அதக் கேட்டாங்க. காயலான்காரன் எடுத்துட்டுப் போயிட்டான்னு சொல்லிட்டேன். எனக்குக் குடும்பம் இருக்கு சார்."

"இந்தக் கம்பியால இன்னொரு குடும்பம் லாக்கப்ல இருக்கு."

"அண்ணே, எனக்கு முதல்ல சொல்லுங்க" என்றான் டமாரம், ஒரு கன்னம் சிரைத்தும் ஒரு கன்னம் நுரையுமாகத் திரும்பி. "தளத்துக்குள்ள இருக்க வேண்டியது இங்க எதுக்கு வந்து துண்டு காயப்போடுது?"

ரசமட்டம் அலமாரியிலிருந்து எட்டு சோப்புப் பெட்டிகளை எடுத்தார். வரிசையாக ஒட்டி வைத்து, இரண்டு முனையிலும் உள்ளங்கையை வைத்து நெருக்கி, அப்படியே தூக்கினார். எட்டுப் பெட்டியும் ஒரே பலகைபோல் அந்தரத்தில் நின்றன.

"அடியில தாங்கறதுக்கு ஏதாவது இருக்கா? இல்ல. ஏன் விழல? நெருக்கம். தூணே இல்லாம பெரிய மண்டபம் கட்டறது இத நம்பித்தான். சாதாரணத் தளத்துல கம்பி சும்மா படுத்திருக்கும். இதுல குழாய்க்குள்ள கேபிள விட்டு, கான்கிரீட் ஊத்தி, அது இறுகின பிறகு ஓரத்துல ஜாக்கி வெச்சு இழுப்பாங்க. இழுத்த கேபிள் சுருங்கப் பாக்கும். சுருங்க விடாம ஓரத்துல ஒரு ஆப்பு பல்லு வெச்சுக் கவ்விக்கும். அந்த இழுவைதான் என் ரெண்டு கை. கடைசியா குழாய்க்குள்ள சிமெண்ட் பால் விட்டுட்டா, கேபிள் கான்கிரீட்டோட ஒட்டிக்கும். அப்புறம் ஒரு எடத்துல அறுந்தாலும் மத்த எடம் தாங்கும். ஆனா பால் விடறதுக்கு முன்னாடி நடுவுல ஒருத்தன் அறுத்தான்னா..."

உள்ளங்கையைத் தளர்த்தினார். எட்டுப் பெட்டியும் தரையில் சிதறின.

"சார், அது விக்கிற சோப்பு!" என்றார் சலூன்காரர்.

"இங்க பால் விட்டாச்சாண்ணே?"

"அடுத்த வாரம் விடறதா இருந்துச்சாம். அவசரமா விழுந்துடுச்சு." ரசமட்டம் கம்பியின் ஒரு முனையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். "உன் பழைய டிரவுசர்ல இருக்கற தொளதொள எலாஸ்டிக் என்னிக்காவது சுண்டி அடிச்சிருக்கா?"

"அண்ணே, வெளியாளுங்க இருக்காங்க."

"தளர்ந்து கெடக்கறது சுண்டாது. இழுத்துக் கட்டினதுதான் சுண்டும். கேபிளை இழுக்கவே இல்லைன்னு கம்பெனி ஆறு பக்கம் எழுதியிருக்கு. இழுக்காத கம்பி தெருவைத் தாண்டிப் பறந்து வந்து கண்ணாடிய உடைக்குமா?"

டமாரம் கன்னத்து நுரை வழிய எழுந்து நின்றான். "ஜாக்கிக்காரர் இழுத்திருக்கார்!"

"இழுத்திருக்கார். இந்த முனையப் பார், சுத்தி வர பல்லுத் தடம். ஆப்பு கடிச்சது. இப்போ அந்த முனையப் பார்."

மற்ற முனை, யாரோ கரண்டியால் வழித்ததுபோல் வளைவாகச் சீவப்பட்டுப் பளபளத்தது. துளை போடும் இயந்திரத்தின் வட்டப் பல் தின்ற வளைவு.

"யாரோ மேலேருந்து துளை போட்டிருக்காங்க. அறுந்த துண்டு, வில்லுலேருந்து போன மாதிரி ஓரத்த உடைச்சுட்டு இங்க வந்திருக்கு." அவர் சலூன்காரர் பக்கம் திரும்பினார். "இப்போ சொல்லுங்க. பந்து எடுக்க யார் வந்தாங்க?"

சலூன்காரர் கத்தியை மடக்கினார். பயம் போய், ஐந்து நாள் அடக்கி வைத்த ஆத்திரம் மேலே வந்தது.

"ஒரு ஆளுக்குக் கழுத்துல கத்தி வெச்சுட்டு நிக்கறேன் சார். தலைக்கு மேல சர்ருனு போச்சு. என் கை ஒரு விரக்கடை அசைஞ்சிருந்தா கொலைக் கேஸ் எம்மேல. கண்ணாடி முழுக்க மழை மாதிரி கொட்டுது. மொதல்ல ஒருத்தர் படியேறி ஓடி வந்தார். கையெல்லாம் சிமெண்ட் சேறு. 'யாருக்காவது பட்டுச்சா, யாருக்காவது பட்டுச்சா'ன்னு அதையே கேட்டார். பின்னாலயே அந்த மேலாளர். இவரு சொல்றார், 'சார், கேபிள் அறுந்துடுச்சு. இனிமே நான் அந்த மெஷினத் தொட மாட்டேன்.' அதுக்கு அந்த ஆள், 'ஒரு கேபிள்தானே? இன்னும் நூறு இருக்கு. ஊத்து திறப்பு விழாவுக்குப் பத்து நாள்தான் இருக்கு'ங்கறான்."

"ஊத்தா?"

"முகப்புல தண்ணி ஊத்து வைக்கறாங்களாம், அதுக்கு மூணாவது மாடித் தளம் வழியா குழாய் இறக்கத்தான் துளையாம். இவரு முடியாதுன்னுட்டார். ரெண்டு தரம் சொன்னார், முடியாது சார்னு. அப்போ அந்த மேலாளர் குரலே உசத்தாம சொன்னான் சார். 'சரி. உன் தங்கச்சி புருஷன் ஒழுங்கா இழுக்காததாலதான் பறந்துச்சுன்னு எழுதிடறேன். உள்ள போய் உக்காரட்டும்.'"

டமாரம் கேலி ஒன்றும் செய்யாமல் குனிந்து, சிதறிய சோப்புப் பெட்டிகளைப் பொறுக்கினான். அவன் வாழ்க்கையில் அது மூன்றாவது முறை.

"அப்புறம் அவரு உக்காந்து கண்ணாடிச் சில்ல ஒவ்வொண்ணாப் பொறுக்கிக் குடுத்தார். நான் கூட்டிக்கறேன், விடுங்கன்னேன். கேக்கல. மறுநாள் காலைல மறுபடியும் அந்த மெஷின் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் நின்னுச்சு. பதினோரு மணிக்கு விழுந்துச்சு."

*

மூன்றே முக்காலுக்கு வராந்தாவில் வைத்து ரசமட்டம் தையற்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மழுப்பவில்லை. அவள் சுவரில் சாயாமல் நின்று கேட்டாள்.

"துளை போட்டது எங்க அண்ணனா?"

"ஆமாம்மா. மேல போட்டுட்டு, கீழ குழாய் மாட்டப் போயிருக்கார். கமிட்டில அவர் பேர எடுக்காமலே முடிக்கப் பாக்கறேன். கம்பி இருக்கு, உங்க வீட்டுக்காரர் வெளிய வர அது போதும்."

"எதுக்கு எடுக்காம? முடியாதுன்னு சொன்னான்ல? ரெண்டு தரம் சொன்னான்ல?" அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "பாதிய நீங்க மறைச்சா, மீதிய அந்த ஆளு இஷ்டத்துக்கு எழுதுவான். எல்லாத்தையும் சொல்லுங்க."

உள்ளே சலூன்காரரும் டமாரமும் ஆளுக்கொரு முனையாகக் கம்பியைத் தூக்கிக்கொண்டு நுழைந்தார்கள். டமாரத்தின் ஒரு கன்னத்தில் நுரை காய்ந்து வெள்ளைத் தாடியாகியிருந்தது. ரசமட்டம் கம்பியை ஆறு பக்க அறிக்கையின்மேல் வைத்தார்.

கமிட்டிப் பெரியவர் கண்ணைத் திறந்தார். மூக்குக்கண்ணாடியைத் தேடவில்லை. விரலால் அந்தப் பல்தடத்தைத் தடவினார். பிறகு மற்ற முனையை. அவர் தூங்கவில்லை என்பது அந்த அறைக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எங்கேருந்து வந்தது?"

"எதிர் சலூன்லேருந்து. தளம் விழறதுக்கு முதல் நாள் சாயங்காலம் பறந்து போனது."

"இழுக்காத கேபிள் பறக்காதே" என்றார் பெரியவர், யாரிடமும் இல்லாமல்.

"அது எங்கள் கம்பிதான் என்பதற்கு ஆதாரம் ஏதும்..." என்று தொடங்கினார் மேலாளர்.

"யோவ், கண்ணாடி வாங்கிக் குடுத்தது நீதானே?" என்றார் சலூன்காரர்.

மேலாளர் கைக்குட்டையை எடுத்தார். துடைத்துவிட்டு மடித்தார். மடித்து முடிப்பதற்குள் அவருக்கு ஒரு புதிய முகம் கிடைத்துவிட்டது. துக்கம் விசாரிக்க வந்தவரின் முகம்.

"சரி. இறந்தவரின் கண்ணியம் கருதித்தான் இதுவரை மறைத்தேன். அந்தப் பிளம்பர் எவருடைய அனுமதியும் இன்றித் தானாகவே தளத்தில் துளையிட்டுவிட்டார். ஒருமுறை அல்ல, மூன்று முறை."

பெரியவர் அறிக்கையின் பக்கங்களைக் கம்பிக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தார். "ஆறு பக்கத்துல துளைங்கற வார்த்தையே இல்லையே. நிழல் இருக்கு."

"கண்ணியம் கருதி..."

"மூணு தடவைன்னு எண்ணவும் தெரிஞ்சிருக்கு. பக்கத்துல நின்னீங்களோ?"

"ஐயா, அவர் கண்ணை மூடிக்கொண்டு துளையிட்டால் நிர்வாகம் என்ன செய்யும்? ஒவ்வொரு கேபிளுக்கும் நேர் மேலே, தளத்தின்மீது சிவப்புக் கோடு போட்டிருந்தது. ஜாக்கிக்காரரே போட்டது. இங்கே துளையிடாதே என்று பச்சைக் குழந்தைக்கும் புரியும்."

"சிவப்புக் கோடு போட்டார்" என்றாள் தையற்காரி. "ஒரு வாரம் கை பூரா சிவப்பாத்தான் சாப்பிட உக்காந்தார்."

டமாரம் புழுக்கம் தாங்காமல் மேஜைமேல் கிடந்த கம்பெனியின் விளம்பரப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தான். வழவழப்பான தாள், நல்ல காற்று. விசிறல் நின்றது.

"அண்ணே. இதுல கோடே இல்லையே."

நடுப்பக்கம் முழுவதும் ஒரே படம். கம்பெனி முதலாளி, கைகளை விரித்துக்கொண்டு, அதே மூன்றாவது மாடித் தளத்தில் நிற்கிறார். 'தூணில்லா உலகம்' என்று தலைக்கு மேல் எழுத்து. காலடியில் பளபளக்கும் சாம்பல்நிறத் தரை. கோடும் இல்லை, கீறலும் இல்லை. ரசமட்டம் புத்தகத்தை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். படத்தின் ஓரத்தில், சுவரடியில், ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்புக் கோடு ஒன்று புறப்பட்டு வந்து, சாம்பல் பெயிண்டுக்கு அடியில் போய் மறைந்திருந்தது. கேமராவுக்குத் தெரியும் என்று யாரும் நினைக்காத மூலை.

"பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்கீங்க" என்றார் ரசமட்டம்.

"படப்பிடிப்புக்காக... அழகியல் காரணங்களால்..."

"யார் சொல்லி?"

மேலாளர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் முதல்முறையாகக் கடிகாரத்தைப் பார்க்காமல் அவரைப் பார்த்தார்.

"முதலாளிக்கு... படத்தில் சிவப்பு கண்ணை உறுத்துவதாக..."

பெரியவர் பக்கத்தைத் திருப்பினார். அடுத்த பக்கத்தில் நீரூற்றின் மாதிரிப் படம். அதன் நடுவே, தண்ணீர் தெறிக்காத உயரத்தில், முதலாளியின் மார்பளவு வெண்கலச் சிலை.

அறையில் கைக்குட்டைகள் நின்றன. தையற்காரி எழுந்து வந்து மேலாளருக்கு எதிரே நின்றாள். அடிக்கப்போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். மேலாளரும் நினைத்தார், அரையடி பின்வாங்கினார்.

"எங்க அண்ணன் முடியாதுன்னு சொன்னானா, இல்லையா?"

"அம்மா, நீங்கள் முதலில் உட்காருங்கள்."

"சொன்னானா, இல்லையா?"

மேலாளர் மறுபடியும் கைக்குட்டையை எடுத்து மடித்தார். இந்த முறை புதிய முகம் எதுவும் கிடைக்கவில்லை.

"சொன்னார்மா" என்றார் சலூன்காரர். "ரெண்டு தரம். எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

அவள் கமிட்டிப் பெரியவர் பக்கம் திரும்பினாள். "எழுதுங்கய்யா. துளை போட்டான்னு எழுதுங்க. முடியாதுன்னு சொன்னான்னு அதுக்கு முன்னாடி எழுதுங்க. கோட்டை அழிச்சது யாருன்னு அதுக்கும் முன்னாடி எழுதுங்க."

பெரியவர் ஆறு பக்கத்தையும் குறுக்கே அடித்தார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். அவள் சொன்ன வரிசையிலேயே எழுதினார். இன்ஸ்பெக்டர் எழுந்து, மடியிலிருந்த காகிதத்தில் குற்றவாளி பெயர் எழுதும் இடத்தைப் பார்த்துக்கொண்டே, மேலாளரிடம் அவருடைய முழுப் பதவியையும் எழுத்து எழுத்தாகச் சொல்லும்படி கேட்டார்.

*

லாக்கப் ஸ்டேஷனின் பின்கட்டில் இருந்தது. ஜாக்கிக்காரர் கம்பிக்கு அந்தப் பக்கம், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். விரல் நகங்களில் இன்னும் கொஞ்சம் சிவப்பு. தையற்காரி இந்தப் பக்கம் நின்றாள். ரசமட்டமும் டமாரமும் மரியாதைக்காக வாசலிலேயே தங்கினார்கள். டமாரத்தின் காது மட்டும் உள்ளே போனது.

"எல்லாம் தெரிஞ்சுபோச்சு" என்றாள் அவள். "துளை போட்டது அண்ணன்தான்."

ஜாக்கிக்காரர் திரும்பினார். ஆச்சரியப்படவில்லை. அதை டமாரம் கவனித்தான். ரசமட்டத்தின் தலை மீண்டும் லேசாகச் சாய்ந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?" அவள் குரல் தாழ்ந்தது. "முன்னாடியே தெரியுமா?"

ஜாக்கிக்காரர் நகத்துச் சிவப்பைச் சுரண்டினார். "முத நாள் ராத்திரி மச்சான் போன் பண்ணான். 'மாப்ளே, ஒரு கேபிள அறுத்துட்டேன். கோட்டையெல்லாம் அழிச்சு வெச்சிருக்கானுங்க, தெரியல'ன்னு அழுதான். நான் சொன்னேன், இனிமே தொடாத மச்சான், நாளைக்கு மத்தியானம் நான் வந்து பாக்கறேன்னு. வேற சைட்ல இருந்தேன். நான் வர்றதுக்குள்ள..."

"இத ஏன் சொல்லல? நாலு நாளா ஏன் சொல்லல?"

"சொன்னா அவன்தான் விழ வெச்சான்னு ஆயிடும். செத்துப்போனவன். உன் அண்ணன். நான் உயிரோட இருக்கேன், எப்படியாவது சமாளிச்சுக்கலாம்னு..."

"சமாளிச்சுக்கலாமா?" அவள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள். "உங்க மேல பழி வரும்னு அவன் போய்த் துளை போட்டுச் செத்தான். அவன் மேல பழி வரும்னு நீங்க வாய மூடிக்கிட்டு ஜெயிலுக்குப் போகப் பாத்தீங்க. அந்த ஆளு உங்க ரெண்டு பேரையும் வெச்சு விளையாடியிருக்கான். ஒருத்தராவது எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொன்னீங்களா? நான் யாரு உங்களுக்கெல்லாம்? துணி தைக்கற மெஷினா? எங்கிட்ட சொல்லியிருந்தா, அன்னிக்கு ராத்திரியே அந்த மேலாளர் வீட்டு வாசல்ல போய் நின்னிருப்பேன்ல? எங்க அண்ணன் இருந்திருப்பான்ல?"

"ஏய், நான்..."

"பேசாதீங்க. நாலு நாளா பேசலல்ல? இன்னும் கொஞ்ச நேரம் பேசாதீங்க."

இன்ஸ்பெக்டர் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்தார். விடுதலைக் காகிதத்தில் கையெழுத்து ஆகிவிட்டது. பூட்டருகே போனவர், தையற்காரி கையை நீட்டி மறித்ததும் நின்றுவிட்டார். அவள் கன்னம் முழுக்க ஈரம். அதை அவள் துடைக்கவில்லை.

"செத்த நேரம் பொறுங்க சார்" என்றாள். "நான் இன்னும் திட்டி முடிக்கல."

இன்ஸ்பெக்டர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, வாசலுக்கு வந்து, ரசமட்டத்தின் பக்கத்தில் நின்றுகொண்டார்.